இறந்தவருக்கு இழைத்த அநீதி முடிந்துபோன ஒன்றா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கான்டன் என்னும் நகரில் 1963இல் திறக்கப்பட்டதும், ஹால் ஆஃப் ஃபேம் என்று வழங்குவதுமான தொழில்முறைக் கால்பந்துப் புகழரங்கம், ஒரு விளையாட்டின் அருங்காட்சியகம் என்ற அளவில் நின்றுவிடாமல், அதை ஆடியவர்களுள் யார் நினைக்கத்தக்கவர் என்று தீர்ப்புரைக்கும் மன்றமாகவும் இயங்கி வருகிறது. இங்கே கால்பந்து என்பது உலகின் பிற பகுதிகளில் காலால் உதைத்து ஆடப்படும் ஆட்டமன்று. அணிக்குப் பதினொருவராக நின்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் அமெரிக்க ஆட்டம். இன்று என்.எஃப்.எல். என்று அறியப்படும் தொழில்முறை லீக் 1920இல் இதே நகரில்தான் உருவானது. ஓய்வுபெற்று 5 ஆண்டுகள் ஆன ஆட்டக்காரர் தேர்வுக்கு உரியவராகிறார். கடைசியாக ஆடி 25 பருவங்கள் கழிந்தும் தேர்வாகாதவர் மூத்தோர் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்களைக் கொண்ட தேர்வுக்குழுவில் நூற்றுக்கு 80 வாக்குகள் பெற்றவருக்கே மார்பளவு வெண்கலச் சிலையும் நிலையான இடமும் கிடைக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் விளிம்பில் ஒரு கேள்வி நெடுங்காலமாக நிற்கிறது. லீக்கின் முதல் முப்பது ஆண்டுகளில் ஆடி, தம் காலத்தில் முதன்மையானவர் என்று மதிக்கப்பட்டு, பின்னர் மறக்கப்பட்டவர்கள் இன்று உயிருடன் இல்லை. அவர்களது ஆட்டத்தைக் கண்ணால் கண்டவர்களும் ஏறத்தாழ இல்லை. அவர்களை இப்போது புகழரங்கத்தில் சேர்ப்பதால் யாருக்கு என்ன நன்மை? யாருக்கும் நன்மை இல்லையென்றால், சேர்க்காமல் விடுவது எப்படி அநீதியாகும்? ரசிகர்களின் வழக்கமான விவாதமாகத் தோன்றும் இது, இறந்தவருக்கு உயிருள்ளோர் ஆற்றவேண்டிய கடன் என ஒன்று உண்டா, கடந்த காலத்தில் இழைக்கப்பட்ட அநீதி முடிந்துபோனதுதானா என்னும் பழைய மெய்யியல் கேள்வியின் ஒரு வடிவமே ஆகும்.

அத்தகைய கடன் இல்லை என்ற தரப்புக்கு வலுவான அடிப்படையை வகுத்தவர் கிரேக்க அறிஞர் எபிகூரஸ். நன்மையும் தீமையும் உணர்வைச் சார்ந்தவை, மரணமோ உணர்வின் முடிவு, ஆகவே இறந்தவருக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பது அவர் கொள்கை. இதை ஏற்றால், மறைந்த ஆட்டக்காரருக்கு எழுப்பும் வெண்கலச் சிலை குடும்பத்தாருக்கு ஆறுதலாகலாம், ரசிகர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். ஆட்டக்காரருக்கு அது எதுவுமன்று. எபிகூரஸுக்கு முன்பே வாழ்ந்த அரிஸ்டாட்டில் இந்த அளவு உறுதியாகப் பேசவில்லை. நிக்கோமாக்கிய அறவியல் என்னும் நூலின் முதற்பகுதியில், ஒருவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகளுக்கும் நண்பர்களுக்கும் நேர்வன அவரைத் தொடுமா என்று ஆராயும் அவர், ஓரளவு தொடலாம், ஆனால் அவருடைய வாழ்வின் நிறைவைக் கூட்டவோ குறைக்கவோ அது போதாது என்ற முடிவுக்கு வருகிறார். அதே நூலில் பெருமையைப் பற்றி அவர் சொல்லும் இன்னொரு கருத்து இங்கு மேலும் முதன்மையானது: பெருமை என்பது அதைப் பெறுபவரைக் காட்டிலும் அளிப்பவரையே சார்ந்திருக்கிறது, அறிவுடையோர் தம்மைப் பெருமைப்படுத்தவேண்டும் என்று மனிதர் விரும்புவது, தம் தகுதி மெய்யானதுதான் என்று உறுதி பெறுவதற்காகவே.

இந்தக் கருத்தைத் தொடர்ந்து சென்றால், எபிகூரஸோடு வழக்காடாமலேயே கேள்விக்கு விடை காணலாம். பெருமை அளிப்பதில் இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன: ஒருவருக்கு ஒரு நன்மை வழங்கப்படுகிறது; அவரைப் பற்றி ஓர் உண்மை அறிவிக்கப்படுகிறது. முதலாவது செயலுக்குப் பெறுபவர் உயிருடன் இருக்கவேண்டும். இரண்டாவதற்கு அது தேவையில்லை. இந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்கள் இவர்கள் என்று ஒரு பட்டியலை உலகின் முன் வைக்கும் நிறுவனம், பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு கூற்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கூற்று தவறானதாக இருந்தால், தவறு இறந்தவரின் காலத்தில் நின்றுவிடுவதில்லை. பட்டியலைப் பேணும் ஒவ்வோர் ஆண்டும் அது புதிதாகச் செய்யப்படுகிறது. மறக்கப்பட்ட ஆட்டக்காரருக்குரிய கடன் உண்மையைச் சொல்லும் கடன் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதைக் கருணையின்பாற்பட்டதாகக் கொள்ளும்போதுதான் அது தள்ளிப்போடத்தக்கதாகத் தோன்றுகிறது.

1929ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று சிகாகோவில் நடந்த ஓர் ஆட்டம் இதற்கு ஏற்ற சான்று. நன்றியறிதல் நாளான அன்று, சிகாகோ கார்டினல்ஸ் அணி அதே நகரின் பேர்ஸ் அணியை 40–6 என்ற கணக்கில் வென்றது. கார்டினல்ஸ் பெற்ற 40 புள்ளிகளையும் எர்னி நெவர்ஸ் ஒருவரே ஈட்டினார். ஆறு முறை பந்துடன் எல்லைக்கோட்டைக் கடந்ததற்கு 36 புள்ளிகள், அதன்பின் கிடைக்கும் கூடுதல் உதைகளில் 4 புள்ளிகள். ஒரே ஆட்டத்தில் ஒரே ஆட்டக்காரர் ஈட்டிய புள்ளிகளில் இதை விஞ்சியது இன்றுவரை இல்லை. 1963இல் புகழரங்கம் தேர்ந்தெடுத்த முதல் தொகுதியிலேயே நெவர்ஸ் இடம்பெற்றார். ஆனால் அந்த ஆட்டத்தில் பந்தை ஏந்தியவர் ஓடுவதற்கு எதிரணியின் முன்வரிசையைப் பிளந்து வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் என்று அன்றைய செய்தித்தாள் குறிப்பிட்டது டியூக் ஸ்லேட்டரை. அவர் டாக்கிள் என்னும் நிலையில் ஆடியவர். முன்வரிசையின் ஓரங்களுக்கு அருகே நின்று, எதிரே நிற்பவரை உடல் வலிமையாலும் கால் நிலையாலும் அப்புறப்படுத்துவது அந்நிலையின் பணி. அவர் பந்தைத் தொடுவதில்லை; ஆகவே புள்ளிக் கணக்கில் அவர் பெயர் வருவதுமில்லை.

ஸ்லேட்டர் கறுப்பினத்தவர், அந்தப் பருவத்தில் லீக்கில் ஆடிய ஒரே கறுப்பினத்தவரும் அவரே. கிறித்தவப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர் பள்ளி அணியில் சேர்ந்தபோது, தலைக்கவசம், காலணி ஆகிய இரண்டில் ஒன்றை வாங்கத்தான் குடும்பத்தால் முடிந்தது. அவர் காலணியைத் தேர்ந்தார். அயோவா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய காலத்திலும் தலைக்கவசம் இல்லாமலே எதிரணியின் தடுப்பைத் தகர்க்கும் அவரது புகைப்படம் புகழ்பெற்றது. 1922 முதல் 1931 வரை பத்துப் பருவங்கள் தொழில்முறை லீக்கில் ஆடினார். ஆடிக்கொண்டே சட்டம் பயின்று பட்டம் பெற்றார். 1948இல் சிகாகோ நகராட்சி நீதிமன்றத்தின் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்லூரி ஆட்டத்துக்கான புகழரங்கம் 1951இல் தன் முதல் தொகுதியிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. கான்டன் அரங்கமோ, அவர் 1966இல் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பின், லீக்கின் நூற்றாண்டையொட்டி 2020இல் அமைத்த சிறப்புத் தொகுதியில்தான் அவருக்கு இடம் தந்தது. நெவர்ஸின் சாதனையைக் கொண்டாடி ஸ்லேட்டரை விட்டுவைத்திருந்த 57 ஆண்டுகளில் அந்த அரங்கம் சொல்லிவந்தது பாதி உண்மை. எனவே 2020இல் நிகழ்ந்தது ஸ்லேட்டருக்குச் செய்த உதவி என்பதைவிட அரங்கம் தன் சொந்தக் கூற்றைத் திருத்திக்கொண்ட செயல் என்பதே பொருந்தும்.

மறக்கப்பட்டவர்கள் அனைவரும் ஒரே காரணத்தால் மறக்கப்படவில்லை. காரணம் மாறும்போது கடனின் தன்மையும் மாறுகிறது. சிலர் அநீதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். சிலர் பதிவுகள் இல்லாமையால் மங்கியவர்கள். சிலர் வாய்ப்பின் போக்கால் நிழலில் தள்ளப்பட்டவர்கள். இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்வது தேவையாகிறது.

முதல் வகையில் மிகக் கடினமான வினாவை எழுப்புபவர் கென்னி வாஷிங்டன். என்.எஃப்.எல். தொடக்க ஆண்டுகளில் கறுப்பினத்தவரை முற்றாக ஒதுக்கவில்லை. 1920இல் முதல் பட்டத்தை வென்ற ஏக்ரன் அணியின் முன்னணி ஆட்டக்காரரான ஃபிரிட்ஸ் பொல்லார்ட் அடுத்த ஆண்டே அதன் பயிற்றுநர் பொறுப்பையும் ஏற்றார். ஆயினும் 1933ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய ஜோ லில்லார்ட், ரே கெம்ப் ஆகிய இருவருக்குப் பின், 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு பருவங்களில் ஒரு கறுப்பினத்தவரைக்கூட எந்த அணியும் சேர்க்கவில்லை. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமலே கடைப்பிடிக்கப்பட்ட தடை அது. 1939இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் அணியில், பின்னாளில் பேஸ்பால் வரலாற்றை மாற்றிய ஜாக்கி ராபின்சனுடன் ஆடிய வாஷிங்டன், அந்த ஆண்டில் நாடு முழுவதிலும் உள்ள கல்லூரி ஆட்டக்காரர்களுள் முன்னேற்றக் கணக்கில் முதலிடம் பெற்றிருந்தும், தொழில்முறை அணி எதுவும் அவரை அழைக்கவில்லை. அவர் மேற்குக் கடற்கரையின் சிறிய லீக்கில் ஆடிக் காலம் கழித்தார். 1946இல் ராம்ஸ் அணி கிளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தபோது, பொதுப்பணத்தில் கட்டப்பட்ட கொலிசியம் அரங்கில் நிறவேற்றுமை பாராட்டும் அணி ஆடக்கூடாது என்று கறுப்பினச் செய்தியாளர்கள் வலியுறுத்தியதன் விளைவாக, அந்த ஆண்டு மார்ச்சில் அவருடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 27. முழங்கால்கள் ஏற்கெனவே பழுதடைந்திருந்தன. மூன்று பருவங்களே ஆடினார்.

புகழரங்கம் செயலை மதிப்பிடுவதால், மூன்று பருவங்களில் செய்தது போதாது என்பது அவருக்கு எதிரான வாதம். செய்ய விடாமல் தடுக்கப்பட்டதைச் செய்ததாகக் கற்பனை செய்து பெருமை அளித்தால் பட்டியல் பொய்யாகிவிடும் என்ற கவலையும் அதில் உண்டு. கவலை நியாயமானதே, ஆனால் வாதம் முழுமையற்றது. தடையால் விளைந்த குறைவை எடுத்துவந்து அதையே தகுதியின்மைக்குச் சான்றாக வைப்பது, அநீதி இழைத்தவர் சாட்சியாகவும் வந்து நிற்பதற்கு ஒப்பானது. இந்த இரண்டு தவறுகளுக்கும் இடையில் நேரான வழி ஒன்று உண்டு: நடக்காத ஆண்டுகளை நடந்ததாகக் கணக்கில் சேர்க்காமல், நடந்தவற்றை அவை நடந்த சூழலுடன் சேர்த்து மதிப்பிடுவது. 1947இல், பழுதான முழங்கால்களுடன், வாஷிங்டன் பந்தை ஏந்தி ஓடிய ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக 7.4 கெஜம் முன்னேறினார். அந்தப் பருவத்தில் லீக்கின் முதலிடம் அது. அதே ஆண்டு அவர் ஒரே ஓட்டத்தில் 92 கெஜம் கடந்து எல்லைக்கோட்டை அடைந்தார். தம் ஆற்றலின் உச்சம் கழிந்துவிட்ட ஒருவர், தம்மை விரும்பாத ஒரு லீக்கின் கதவைத் திறந்துகொண்டு நுழைந்து, எதிரணியினரின் வேண்டுமென்ற தாக்குதல்களைத் தாங்கிக்கொண்டு ஆடி அடைந்தது இது. இதில் கற்பனை எதுவும் இல்லை. முழு உண்மையும் இதுவே.

இரண்டாம் வகை, பதிவின் குறை. என்.எஃப்.எல். அதிகாரப்பூர்வமான புள்ளிவிவரங்களைத் தொகுக்கத் தொடங்கியது 1932இல்தான்; அதற்கு முன் ஆடியவர்களின் திறமையை அறியச் செய்தித்தாள் வருணனைகளும் அன்றைய சிறந்த அணித் தேர்வுகளுமே எஞ்சியுள்ளன. 1927 முதல் 1934 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணியில், முன்வரிசையின் கடைக்கோடியான எண்ட் நிலையில் ஆடியவர் லேவி டில்வெக். அந்த அணி 1929, 1930, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். புகழரங்கத்தின் தேர்வுக்குழு 1969இல் 1920களின் தலைசிறந்த அணியைத் தேர்ந்தெடுத்தபோது எண்ட் நிலைக்கு மூவரைக் குறித்தது: ஜார்ஜ் ஹாலஸ், கை சேம்பர்லின், டில்வெக். முதல் இருவரும் அதற்கு முன்பே புகழரங்கத்தில் இருந்தார்கள். 2025 வரையிலும் டில்வெக் சேர்க்கப்படவில்லை. 1948, 1949 ஆண்டுகளில் பட்டம் வென்ற ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் தலைவரும், 1940களின் தலைசிறந்த அணியில் இடம்பெற்றவருமான டாக்கிள் ஆட்டக்காரர் ஆல் விஸ்டர்ட்டின் நிலையும் இதுவே. அவர் 2016இல் இறக்கும்வரை அழைப்பு வரவில்லை. இங்கே அறிவு இல்லை என்று சொல்லித் தப்பமுடியாது. ஒரு பத்தாண்டின் மிகச் சிறந்தவர் என்று ஒரு கையால் எழுதி, நினைக்கத்தக்கவர் அல்லர் என்று மறு கையால் எழுதும் நிறுவனம் தன்னோடு தானே முரண்படுகிறது.

மூன்றாம் வகை, வாய்ப்பின் போக்கு. நம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுக்கு நம்மைப் பாராட்டுவதோ பழிப்பதோ தகாது என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டே, நடைமுறையில் நாம் அவ்வாறு தீர்ப்பளித்துக்கொண்டிருக்கிறோம் என்ற முரணை 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர்கள் விரிவாக விவாதித்தனர். அறநெறித் தீர்ப்பில் புகுந்துவிடும் ஊழ் என்று அதைத் தமிழில் விளக்கலாம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் கென் ஆண்டர்சன், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் நிலையில் 1974, 1975, 1981, 1982 ஆகிய நான்கு பருவங்களில் லீக்கின் எறிதல் மதிப்பீட்டில் முதலிடம் பெற்றவர். 1981இன் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானவர். அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியில், மூன்றாம் காற்பகுதியில், எல்லைக்கோட்டுக்கு மூன்று கெஜம் தொலைவில் நான்கு முயற்சிகள் கிடைத்தும் அவரது அணியால் கோட்டைக் கடக்க முடியவில்லை. ஆட்டம் 26–21 என்று கைநழுவியது. அதே அணியில் 15 பருவங்கள் ஆடி, எதிரணி எறிந்த பந்தை 65 முறை இடைமறித்துப் பிடித்த கென் ரைலி, சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆண்டிறுதிச் சிறப்பாட்டத்துக்கு ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை; 2020இல் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆனபின்தான் புகழரங்கம் அவரை ஏற்றது. பெரிய நகரத்தில் ஆடியவர், பட்டம் வென்ற அணியில் ஆடியவர் என்ற ஒளி இல்லாததால் திறமை குறைந்துவிடுவதில்லை. அதைக் காண்பவர் கண்தான் குறைகிறது. மதிப்பிடுவோர் இதை உணர்ந்து ஈடுசெய்யவேண்டியது அவர்களுடைய அடிப்படைப் பணி.

இவ்வளவுக்கும் பிறகும் தொடக்கக் கேள்வி வேறொரு வடிவில் திரும்பக்கூடும்: உண்மை திருத்தப்பட்டாலும் அநீதி நீங்கிவிடுமா? 1937இல் ஜெர்மானிய அறிஞர்களான மாக்ஸ் ஹோர்க்ஹைமருக்கும் வால்டர் பெஞ்சமினுக்கும் இடையே நிகழ்ந்த கருத்துப் பரிமாற்றம் இதைப் பற்றியதே. கடந்த காலத்து அநீதி நிகழ்ந்து முடிந்துவிட்டது, கொல்லப்பட்டவர் கொல்லப்பட்டவரே, இறுதித் தீர்ப்பு நாள் ஒன்றை நம்பினால் ஒழிய அதை முடியாததாகக் கருத வழியில்லை என்று ஹோர்க்ஹைமர் எழுதினார். வரலாறு ஓர் அறிவுத்துறை மட்டுமன்று, நினைவுகூர்தலின் ஒரு வடிவமும் ஆகும், முடிந்ததாக அறிவு அறிவித்ததை நினைவு முடியாததாக ஆக்கவல்லது என்பது பெஞ்சமினின் மறுமொழி. இது இறையியல் சார்ந்த எண்ணம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இருவர் கூற்றிலும் ஒரு பகுதி ஏற்கத்தக்கது. வாஷிங்டன் இழந்த ஆண்டுகளை எந்தச் சிலையும் மீட்டுத் தராது. அந்த இழப்பைப் பொறுத்தவரை ஹோர்க்ஹைமர் சொல்வதே சரி. ஆனால் அநீதிக்கு இரண்டு பகுதிகள் உண்டு: இழப்பு, அந்த இழப்பு பொருட்படுத்தத்தக்கதன்று என்னும் அறிவிப்பு. இரண்டாவது பகுதி முடிந்துபோகவில்லை; அதை நிலைநிறுத்துவதும் நீக்குவதும் இன்றுள்ளோர் கையில் உள்ளன. யூத, கிறித்தவ மரபுகளில் எதையும் மறவாத இறைவன் இறுதி நீதிபதியாக இருப்பதால், மனிதரின் மறதி கடைசி வார்த்தை ஆவதில்லை. சீராக்கின் ஞானநூல் தன் 44ஆம் அதிகாரத்தில் புகழ்பெற்ற முன்னோரைப் போற்றும்போதே நினைவுச்சின்னம் எதுவும் இல்லாமல் மறைந்தவர்களையும் எண்ணிப் பார்ப்பது அந்த நம்பிக்கையின் துணையோடுதான். மனிதர் அமைத்த புகழரங்கத்துக்கு அத்தகைய துணை இல்லை. தான் மறந்தவரை வேறொருவர் நினைத்துக்கொள்வார் என்று அது இருந்துவிட முடியாது என்பதால், தேடிக் கண்டறியும் பொறுப்பு அதற்குக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

எதிர்வாதங்கள் இரண்டு கருதத்தக்கவை. பழையவர்களை மேன்மேலும் சேர்த்தால் அரங்கத்தின் மதிப்புக் குறையும் என்பது ஒன்று. மதிப்பு எண்ணிக்கையின் சிறுமையால் வருவதாயின் இது பொருந்தும். தீர்ப்பின் நேர்மையால் வருவதாயின், தகுதியுள்ள ஒருவரை விட்டுவைப்பதே மதிப்பைக் குறைக்கும். மற்றொன்று இதைவிடக் கனமானது: முதுமையில் காத்திருக்கும் உயிருள்ளோர் இருக்கையில் இறந்தவருக்கு இடம் தருவது தகுமா? ஒற்றைக் கண் பார்வையுடன் பேக்கர்ஸ் அணிக்காக எட்டுப் பருவங்கள் ஆடி 52 இடைமறிப்புகள் செய்த பாபி டில்லன், 2020ஆம் ஆண்டுத் தொகுதிக்குத் தாம் தேர்வானது அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் 2019 ஆகஸ்டில் காலமானார். பெருமையை ஒரு நன்மையாக அனுபவிக்கக்கூடியவர் உயிருள்ளவரே என்ற எபிகூரஸின் கருத்து இங்கே முழு வலிமையுடன் வந்து நிற்கிறது. உயிருள்ளோருக்கான கடனுக்குக் காலக்கெடு உண்டு. ஆனால் இந்த மோதல் இயற்கையானதன்று. மூத்தோர் பிரிவில் ஆண்டுக்கு மிகச் சிலருக்கு மேல் இடமில்லாதவாறு வகுக்கப்பட்ட விதிகளே நூறாண்டு முன் ஆடியவரையும் எண்பது வயதில் காத்திருப்பவரையும் ஒரே இருக்கைக்குப் போட்டியிட வைக்கின்றன. 2020இல் தனிக்குழு அமைத்து ஒரே ஆண்டில் பத்து மூத்தோரைச் சேர்க்க முடிந்தது, விதியை மாற்றினால் மோதல் நீங்கும் என்பதற்குப் போதிய சான்று.

எனவே செய்யவேண்டியது தெளிவு. 1946க்கு முந்திய காலத்தினருக்கும் நிறத்தடையால் ஆட்டக்காலம் குறுக்கப்பட்டவர்களுக்கும், உயிருள்ள மூத்தோரின் வாய்ப்பைத் தொடாத தனி வழி ஒன்று வகுக்கப்படவேண்டும். அவ்வழியில் டில்வெக்கும் வாஷிங்டனும் முதலில் ஆராயப்படவேண்டும். வாஷிங்டனுக்கு எழுதப்படும் குறிப்பில் அவர் ஓடிய கெஜங்களோடு, அவர் ஏன் மூன்று பருவங்களே ஆடினார் என்பதும் எழுதப்படவேண்டும். தடை விதித்த லீக்கின் வரலாற்றைச் சொல்லும் அரங்கம் அந்தத் தடையையும் தன் சுவரிலேயே சொல்லும்போதுதான், அங்குள்ள ஏனைய பெயர்களையும் நம்பலாம் என்ற உறுதி படிப்பவருக்குக் கிடைக்கும். இறந்தவர் எதையும் கேட்பதில்லை என்பது உண்மைதான். கேட்பார் இல்லாத கடனையும் தீர்ப்பவரே நேர்மையாளர் எனப்படுவர்.